பிரமிளா வேண்டாம் என்றுதான் சொன்னாள்

சூலியா தெரு,
ஜார்ஜ் டவுன்.
செப்டம்பர் 16

பள்ளித் தோழன் புவனேஸ்வரனுக்கு, கமால் எழுதுவது.

நீயும் வீட்டாரும் மெல்பர்னில் சுகமாக இருப்பீர்கள். இங்கே ரொஸ்னாவும் நானும் உடம்பளவில் சுகம். மனதளவில் இல்லை. அதற்குக் காரணம் நீ. அதனால்தான் இந்தக் கடிதம்.

கைப்பேசியில் எழுதிப் பார்த்தேன், பேசி அனுப்பிப் பார்த்தேன், கூப்பிட்டும் பார்த்தேன். அனுப்பியதற்கெல்லாம் நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. சரி, காகிதத்தில் எழுதுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன். கூரியர்காரன் உன் வீட்டு மணியை அடித்துக் கையெழுத்து வாங்கித்தான் இதைக் கொடுப்பான். வாங்கிய பிறகு எனக்குக் கிடைக்கவே இல்லை என்று சொல்ல உன்னாலும் முடியாது.

வெற்றிலை நின்றுபோனதில்தான் எனக்கு முதலில் சந்தேகம் வந்தது. வாசுவின் தோட்டத்து இலைதான் என் கடைக்கு வருகிறது என்பது உனக்குத் தெரியும். கல்யாண மாதத்தில் கட்டுகள் சிறுத்துக்கொண்டே வந்தன. பிறகு ஓரம் கறுத்த இலைகள் வந்தன. பிறகு அதுவும் இல்லை. போன் போட்டால் வாசு, "மழைண்ணே, செடி சரியில்ல" என்பதோடு நிறுத்திக்கொண்டான். அவனுக்குப் பொய் சொல்ல வராது. மழை என்று சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. கடையை மகன் ஹைருலிடம் விட்டுவிட்டு, போன ஞாயிற்றுக்கிழமை ரொஸ்னாவை அழைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

உனக்கு வழியை நினைவுபடுத்த வேண்டியதில்லை, அது உன் அம்மா பிறந்த கிராமம், நீ விடுமுறை கழித்த கம்பம். இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் ஜூலையில் வந்தபோது எடுத்து நீ இணையத்தில் போட்ட காணொளியில் காட்டிய ஊர் வேறு, நான் போன ஊர் வேறு. பாலத்தைக் கடந்து புக்கிட் மெர்தாஜாமில் பசியாறினோம். வாசு வீட்டுக்குப் பழம் வாங்கினோம். தொழிற்சாலைகள் முடிந்து செம்பனை தொடங்கியது. தாசேக் கெலுகோர் தாண்டினால் ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் பழைய ரப்பர் தோட்டம். வாய்க்கால் ஓரமாக ஒரு மலாய்க்காரர் வீட்டுக் கல்யாணப் பந்தல். அப்புறம் செம்மண் சடக்கில் காடி குலுங்கிக்கொண்டே போனது. கம்பத்து நுழைவிலேயே கைப்பேசிக் கோபுரம் நிற்கிறது. வாசுவின் மகன் கோகுலன் தொழிற்சாலையில் ஷிப்டு பார்த்துக்கொண்டு தோட்டத்தையும் பார்க்கிறான். அவன் மனைவி பிரமிளா டிப்ளோமா படித்தவள். நீ என்னவென்றால் "தொலைந்துபோன தமிழ்க் கம்பம்" என்று தலைப்புப் போட்டுப் பின்னால் புல்லாங்குழலை ஓடவிட்டிருக்கிறாய். யாரய்யா தொலைந்தது? அவர்கள் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறார்கள். இங்கிருந்து போனவன் நீ.

வாசுவும் அவன் மனைவி லெட்சுமியும் வாசலுக்கு வந்து அழைத்தார்கள். தேநீர் வந்தது, வடை வந்தது. வழக்கமாகக் காடிச் சத்தம் கேட்டதும் ஓடிவந்து, "ரொஸ்னாக்கா, சௌக்கியமா?" என்று கையைப் பிடித்துக்கொள்கிறவள் பிரமிளா. அன்றைக்கு அவளைக் காணவில்லை. ரொஸ்னா கேட்டதற்கு லெட்சுமி, பின்னால் இருக்கிறாள் என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். ரொஸ்னா அதற்குமேல் கேட்கவில்லை, எழுந்து பின்பக்கம் போய்விட்டாள். வாசு என்னைத் தோட்டத்துக்கு அழைத்துப்போனான்.

புவனேஸ், நீ அந்தத் தோட்டத்தை இப்போது பார்க்க வேண்டும். வாசலை ஒட்டிய வரிசை முழுக்கத் தரையோடு சாய்ந்து கிடக்கிறது. தண்டின் அடி கறுத்து, தொட்டால் கையோடு வருகிறது. அழுகல் நாற்றம். உள்ளே போகப் போகக் கொடி நிற்கிறது, ஆனால் இலையெல்லாம் எண்ணெய் சிந்திய மாதிரிக் கறை. கானில் ஓடும் தண்ணீர் வழியாக நோய் அடுத்த தோட்டங்களுக்கும் இறங்கிவிட்டது. கோயில் தலைவர் சுகுமாரனின் தோட்டத்தில் பாதி போய்விட்டது. எல்லாக் குடும்பமும் வெற்றிலையை நம்பித்தான் இருக்கிறது.

தோட்டத்துக்குள் செருப்போடு போகக்கூடாது என்பது அந்தக் கம்பத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வெற்றிலையில் மகாலட்சுமி இருக்கிறாள் என்பார்கள். நான் முஸ்லிம். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஆனாலும் வாசலில் செருப்பைக் கழற்றாமல் ஒரு நாளும் உள்ளே போனதில்லை. நீயும் போனதில்லை. பள்ளி விடுமுறையில் உன் அம்மா நம்மை அங்கே அழைத்துப்போனபோது, சப்பாத்தோடு ஓடிய என்னை இழுத்துப் பிடித்து நிறுத்தியவன் நீதான். அதனால் உனக்குத் தெரியாது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஜூலையில் நீ உன் சுற்றுலாக் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வந்தாய். காலையில் பாலிக் புலாவ் பக்கம் மழையில் மிளகுத் தோட்டம் பார்த்துவிட்டு, அந்தச் சேற்றுப் பூட்ஸோடு மாலையில் நேரே வாசுவின் வெற்றிலைத் தோட்டத்தில் அவர்களை இறக்கினாய்.

ஏன் தடுக்கவில்லை என்று வாசுவிடம் கத்தினேன். அவன் சொன்னது இதுதான்: "அவரு நம்ம ஊரு புள்ளண்ணே. அவரே முன்னால பூட்ஸோட போறாரு. வெள்ளைக்காரங்கள்லாம் பின்னால போறாங்க. விருந்தாளிய வாசல்ல நிப்பாட்டி, சப்பாத்த கழட்டுன்னு எப்படிண்ணே சொல்றது?" மரியாதைக்காக அவன் வாயை மூடிக்கொண்டான். நீ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய்.

விவசாய இலாகாவிலிருந்து ஷரீஃபா என்று ஓர் அதிகாரி வந்து பார்த்திருக்கிறார். இது மண்ணிலும் தண்ணீரிலும் பரவும் அழுகல் நோய், மிளகுக் கொடியையும் இதுதான் கொல்லும் என்றாராம். வெளித்தோட்டத்து மண் ஏதாவது இங்கே வந்ததா என்று கேட்டாராம். வாசு தலையைக் குனிந்துகொண்டு இல்லை என்று சொல்லியிருக்கிறான். விருந்தாளிகளைக் காட்டிக்கொடுக்க அவனுக்கு மனசு வரவில்லை. இதையும் நீ எழுதி வைத்துக்கொள்.

அதற்கு முன்பே அவன் உனக்குப் போன் பண்ணிக் கேட்டிருக்கிறான். நீ என்ன பதில் சொன்னாய்? ஆஸ்திரேலியாவில் எல்லாப் பண்ணையிலும் பூட்ஸோடுதான் நடக்கிறார்கள், அதெல்லாம் ஒன்றும் ஆகாது என்றாய். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. "வீட்டுல ஏதாவது சுத்தம் தவறியிருக்கும் தம்பி, பாத்துக்குங்க" என்றாய். அந்த ஒரு பேச்சுப் போதும். வீட்டுவிலக்கான பெண் தோட்டத்துக்குள் போகக்கூடாது என்பது அங்கே இன்னொரு கட்டுப்பாடு. லெட்சுமி நாளைக் கணக்குப் பார்த்தாள். நீ காணொளி எடுத்த அன்று பிரமிளா விலக்கு. நீ போட்ட காணொளியில் தோட்டத்துக்கு நடுவில் நின்று இலை கிள்ளுவதும் பிரமிளாதான். அவ்வளவுதான், கம்பம் முழுக்க முடிவு கட்டிவிட்டது.

இனி எழுதப்போவது பின்பக்கம் மாட்டுக்கொட்டகையில் பிரமிளா ரொஸ்னாவிடம் சொன்னது. உனக்குத் தெரியாத எதையும் நான் எழுதவில்லை. நீ அவளைச் சேலை கட்டிக்கொண்டு வரச் சொன்னாய். அவள் கட்டிக்கொண்டு வேலியோரம் நின்றாள். உள்ளே வரச் சொன்னாய். அவள், "இன்னிக்கு நான் உள்ள வரக்கூடாதுண்ணே" என்றாள். நீ சிரித்தாய். இந்தக் காலத்திலுமா என்று கேட்டாய். அவள் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றாள். அதையும் படம் பிடித்தாய். வெளிச்சம் போகிறது, ஊர்ப் பெயரைக் காப்பாற்று என்று கெஞ்சினாய், கொஞ்சினாய், கடைசியில் கையை நீட்டி வாசலைக் காட்டி அதட்டினாய். வீட்டுப் பெரியவர்கள் வேறு பக்கம் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். உன்னைத் தவிர அவள் வேண்டாம் என்றதைக் கேட்டவர்கள் தமிழ் தெரியாத வெள்ளைக்காரர்கள். அந்தக் காணொளியை ஹைருல் எனக்குப் போட்டுக் காட்டினான். அவள் கும்பிடும் இடத்தில் நீ பேச்சை நீக்கிவிட்டு வேடிக்கை இசையைச் சேர்த்திருக்கிறாய். கிராமத்துப் பெண்ணுக்கு வெட்கமாம். அதைப் பார்த்தபோது எனக்கு உன் கன்னத்தில் ஒன்று வைக்கவேண்டும் போலிருந்தது.

ஒரு பெண்ணின் உடம்பு கொடியை அழுகவைக்கும் என்று நான் நம்பவில்லை, ரொஸ்னாவும் நம்பவில்லை. நீயும் நம்பமாட்டாய். ஆனால் அவள் நம்புகிறாளோ இல்லையோ, அந்த வீட்டின் ஒழுங்கை மதித்தாள். ரொஸ்னாவுக்கு அது சட்டென்று புரிந்தது. எங்களிலும் பெண்களுக்குத் தொழுகை இல்லாத நாள் உண்டு. நீ அந்த ஒழுங்கை அவளையே உடைக்க வைத்தாய். பழி வந்ததும் அதை அவள் தலையில் தள்ளிவிட்டு விமானம் ஏறிவிட்டாய்.

இப்போது அவள் தோட்டத்துப் பக்கம் போகக்கூடாது. கொட்டகைப் பக்கத்து அறையில் படுக்கிறாள். சமைத்தால் சாப்பிட ஆள் இல்லை. கோகுலன் வாயே திறப்பதில்லையாம். அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை கோயிலில் கூட்டம் போடுகிறார்கள். அம்மன் திருவிழா முடியும்வரை அவளைக் கூலிமில் இருக்கும் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று பேசிக்கொள்கிறார்கள். திருவிழாவுக்கு இன்னும் மாதக்கணக்கு இருக்கிறது. மகள் தனுஜா தமிழ்ப்பள்ளியில் முதல் வகுப்பு. பிள்ளை இங்கேயே இருக்கட்டும், படிப்புக் கெடும் என்கிறார்கள். தாயையும் பிள்ளையையும் பிரிக்கும் இந்தப் பேச்சை லெட்சுமி வடைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். நான் வடையை எடுக்கவில்லை.

நான் பேசிப் பார்க்காமல் இல்லை. வாசு என் கையைப் பிடித்துக்கொண்டு, "கோவிச்சிக்காதீங்கண்ணே, இது எங்க கோயில் காரியம்" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. நான் இலை வாங்குகிற பாய். நீ அந்த மண்ணுக்குப் பிள்ளை. உன் சொல் அந்தக் கோயில் வாசலில் எடுபடும்.

வா. டிக்கெட் எடுத்து வா. வர முடியாது என்றால் அந்த வெள்ளிக்கிழமை இரவு வாசுவுக்குப் போன் போடு. கூட்டத்தின் நடுவில் வைத்து எல்லார் காதிலும் விழப் பேசு. பிரமிளா வேண்டாம் என்றுதான் சொன்னாள், நான்தான் விடவில்லை என்று சொல். மிளகுத் தோட்டத்துச் சேற்றை என் ஆட்கள்தான் கொண்டுவந்தார்கள் என்று சொல். ஒரு தேநீர் ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிடலாம். உனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. அவளுக்குக் குடும்பம் மிஞ்சும்.

கோபத்தில் எழுதியதைப் பொறுத்துக்கொள் என்று வழக்கமாக எழுதுவார்கள். நான் எழுதப்போவதில்லை. இறைவன் உனக்கு நல்ல புத்தியைத் தரட்டும்.

கமால்


ஜார்ஜ் டவுன்,
அக்டோபர் 6

புவனேஸ்வரனுக்கு,

கூட்டத்துக்கு முதல் நாள் உன் பதில் வந்தது. "காணொளியை நீக்கிவிட்டேன். தொந்தரவுக்கு வருந்துகிறேன். கொஞ்ச நாளில் எல்லாம் அடங்கிவிடும்" என்று எழுதியிருந்தாய். படித்ததும், ஏதோ மனம் இறங்கியிருக்கிறான், நாளைக்குப் பேசிவிடுவான் என்று ரொஸ்னாவிடம் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை நாங்கள் போனோம். ரொஸ்னாவைப் பெண்கள் பக்கம் பாயில் உட்காரவைத்தார்கள். நான் கோயில் வேலிக்கு வெளியே நின்றேன். வாசு தன் கைப்பேசியைச் சத்தம் கூட்டிப் பாயின் நடுவில் வைத்திருந்தான். நீ கூப்பிடுவாய் என்று நான்தான் அவனிடம் சொல்லியிருந்தேன். பேச்சுத் தொடங்கியும் எல்லாருக்கும் அதன்மேல்தான் கண். நான் வேலியோரம் நின்று உனக்கு அடித்துக்கொண்டே இருந்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

சுகுமாரன் கெட்ட மனிதர் இல்லை. பிரமிளாவை மரியாதையாகத்தான் கேட்டார். அவள் எழுந்து நின்று சொன்னாள். அழவில்லை. "நான் வேணாம்னுதான் சொன்னேன். கும்பிட்டுச் சொன்னேன். புவனேஸ் அண்ணன்தான் விடல" என்றாள். யாரோ ஒருவர், ஊரில் இல்லாதவர்மேல் பழி போடாதே என்று அதட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு ஷரீஃபா சொன்னதையும், பூட்ஸையும், மிளகுத் தோட்டத்தையும் சொல்லிக் கத்தினேன். ஒருவர் எழுந்துவந்து எனக்கு நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தார். அவ்வளவு மரியாதையாக என் வாயை அடைத்தார்கள்.

அப்போதுதான் கோகுலன் எழுந்தான். அதுவரை ஒரு வார்த்தை பேசாதவன். கல்யாணமான நாளிலிருந்து அப்பாவுக்கு எதிரே நிமிர்ந்து நின்று பேசாதவன். "அவ பொய் சொல்லல. அவ கும்பிடுறது வீடியோவுலயே இருக்கு. நீங்க எல்லாரும் பாத்து சிரிச்சீங்க. இப்ப சிரிக்காம பாருங்க" என்றான். பிரமிளா அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் கைப்பேசியை எடுத்துத் தேடினான்.

நீ அதை நீக்கிவிட்டதை நான் அவனுக்கு முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவன் அதைக் கூட்டத்தில் போட்டுக் காட்டப் பார்ப்பான் என்று யார் கண்டது? காணொளி இல்லை. அவன் உன் பெயரைப் போட்டுத் தேடினான், கம்பத்தின் பெயரைப் போட்டுத் தேடினான். லைன் இல்லை போலிருக்கிறது என்று கையை உயரத் தூக்கிப் பிடித்தான். கோபுரம் பக்கத்திலேயே நிற்கிறது. யாரும் சிரிக்கவில்லை. அந்தக் கும்பிடு வெட்கத்தில் போட்டதுதானே என்று ஒரு பெண் மெல்லச் சொன்னாள். "விடு தம்பி, உக்காரு" என்றார் சுகுமாரன். கோகுலன் உட்கார்ந்தான்.

நீ நீக்கியது வெறும் காணொளியை இல்லை. ஒரு புருஷன் முதன்முதலாக மனைவிக்காக எழுந்து நின்ற நேரத்தில் அவன் காலடி மண்ணைப் பறித்துவிட்டாய். உன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள நீக்கினாயா, அவள்மேல் இரக்கப்பட்டு நீக்கினாயா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை.

கூட்டத்தில் முடிவானபடி ஞாயிறு காலையில் பிரமிளா கூலிமுக்குப் போய்விட்டாள். வழியனுப்ப நாங்களும் கம்பத்துக்குப் போயிருந்தோம். தனுஜாவுக்குத் தலை வாரிப் பின்னிவிட்டு, இரண்டு நாளில் வருவதாகச் சொல்லிவிட்டு ஏறினாள். லெட்சுமி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அவளும் கல் இல்லை. காடிக் கண்ணாடியை இறக்கி ரொஸ்னாவிடம் பிரமிளா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அந்த அண்ணன வரச் சொல்லுங்கக்கா. கேமரா வேணாம். சும்மா வரச் சொல்லுங்க. நான் சொன்னத சொன்னேன்னு சொல்லட்டும், போதும்."

வருத்தத்தை எனக்கு எழுதி அனுப்பாதே. எனக்கு அதை வைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. அந்தக் காணொளியின் மூலம் உன்னிடம்தான் இருக்கும், அவள் குரலோடு. அதைக் கொண்டுவா. இல்லை, அழித்துவிட்டேன் என்றால் உன் வாயைக் கொண்டுவா. வரும் நாளை எழுது, பாயான் லெபாஸ் விமான நிலையத்துக்கு நானே வருகிறேன். கம்பம் போய்ச் சேரும்வரை உன்னோடு பேசமாட்டேன். நீ கோயில் வாசலில் பேசி முடித்த பிறகு நாம் இருவரும் பேசிக்கொள்ளலாம்.

தொழுகையில் உன் பெயரைச் சொல்வதை நான் இன்னும் விடவில்லை. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். அதிலிருந்து ஒரு நாளை அவளுக்குக் கொடு.

இன்னும் உன் நண்பன்,
கமால்